கைக்கே வரும் பந்து

இதுவும் நேராகக் கைக்கே வந்தது. மாசிலாமணி இடத்தை விட்டு அசையக்கூட இல்லை; கையை நீட்டினான், பந்து வந்து உட்கார்ந்துகொண்டது. "சூப்பர் மச்சான்!" என்று எதிரே பிரதாபன் கத்தினான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டுகிறார்கள்? தெருவில் பால் பாக்கெட் வாங்கப் போகிறவனைக் கூப்பிட்டு நிற்கவைத்திருந்தாலும் பிடித்திருப்பான். கிளவுஸுக்குள் விரல்கள் வியர்த்துப் பிசுபிசுத்தன. மாத்திரையால் வறண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரயில்வே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போகலாமா வேண்டாமா என்று முனகிக்கொண்டிருந்தது. பந்தை உருட்டிவிட்டான், அடுத்தது வந்தது, அதுவும் கைக்கே. வியாசர்பாடி விடிவெள்ளி கால்பந்துக் கழகத்துக்கு மீசை அரும்பும் முன்பிருந்தே அவன்தான் கீப்பர். நடுவில் சில மாதம் காணாமல் போனான். எங்கே போனான் என்று இந்தப் பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்த நாளிலிருந்து பயிற்சியில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. முதல் வாரம் வீட்டுக்குப் போய் மனைவி ஷீலாவிடம், "கை மறக்கலடி" என்று சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்றைக்கென்று நெத்திலி வாங்கி வந்து பொரித்தாள். இரண்டாவது வாரமும் சந்தோஷம்தான். மாத்திரை கையை மந்தமாக்கிவிடும் என்று பயந்தவனுக்கு அது வேகத்தையல்லவா கூட்டிக் கொடுத்திருக்கிறது! அதற்கப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தான். உலகத்தில் எவ்வளவு பெரிய கீப்பரானாலும் பயிற்சியில் கோல் வாங்குவான், வாங்கித்தான் ஆகவேண்டும், வாங்காமல் இருக்க முடியாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, பார்க்கவில்லை. ஆனால் இந்த மாடு சத்தமே போடமாட்டேன் என்கிறதே.

சத்தம்தான் முதலில் மாட்டியது. பிழைப்புக்கு அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். வீட்டுக்கார அம்மா மெஷினுக்கு என்ன கேடு என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே, ஓடவிட்டு அது போடும் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவான். பிரதாபனின் இடது காலுக்கும் ஒரு சத்தம் உண்டு. டொம் என்று அடிவயிற்றிலிருந்து வரும். பந்து புறப்பட்ட பிறகுதான் சத்தம் வந்து சேருகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடக் காலத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை மாசிலாமணியின் முன்பல்லே போயிருக்கிறது. இப்போது அந்தச் சத்தம் இல்லை. தப் என்கிறது, ஈரத்துணியைக் கல்லில் வைத்த மாதிரி. பிரதாபனுக்கு மட்டுமா, வரிசையில் நிற்கிற எல்லார் காலும் தப். ஒருத்தன் காலில் சுளுக்கு இருக்கலாம். எல்லார் காலிலுமா? பந்தில் காற்று குறைவோ என்று நேற்று அழுத்திப் பார்த்தான், கல் மாதிரி இருந்தது. ஆக, காலில் ஏதோ இருக்கிறது. காலில் இல்லை, ஆளில் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் நினைப்பு வழக்கம்போல மிரண்டு நின்றது. எல்லாரும் சேர்ந்து. இதே வார்த்தையைத்தான் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்கள். நல்ல மனுஷி, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். "எல்லாரும் சேர்ந்து உங்களுக்குத் தெரியாம ஏதோ பண்றாங்க, உங்களப் பத்திப் பேசிக்கிறாங்க, அப்படி எப்பவாவது தோணுதா மாசிலாமணி?" அவன் நெஞ்சில் கை வைத்து இல்லை என்று சொன்னான். அப்போது உண்மையிலேயே தோன்றவில்லை. அப்போது எதுவுமே தோன்றவில்லை, அதுதானே வியாதி. இப்போது போய், "டாக்டரம்மா, எங்க டீம் மொத்தமும் பேசிவெச்சிக்கினு எங்கிட்ட பந்த மெதுவா அடிக்குறாங்க" என்று சொன்னால்? அந்தம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். வேறு மாத்திரை எழுதுவார்கள். அதைவிட மோசம், அவர்கள் எழுதுவது சரியாகவும் இருக்கலாம்.

சரியாக இருக்கலாம். அங்கேதான் உயிர் போயிற்று. பந்து மெதுவாக வருகிறதா, அல்லது மெதுவாக வருவதாக அவன் புத்தி சொல்கிறதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் அரண்டவன்தான், அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? போன மழைக்காலத்தில் பெரம்பூரில் ஒரு வீட்டில் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவன், எந்த ஸ்குரூ எங்கே போகும் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கார அம்மா ஒருமுறை தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் காபி கொடுத்தாள், கடைசியில் பயந்துபோய் அவன் போனை எடுத்து ஷீலாவைக் கூப்பிட்டாள். அதற்கு முன்பே தூக்கம் போயிருந்தது, பேச்சு போயிருந்தது, சோற்றின் ருசி போயிருந்தது. யாரும் செத்துவிடவில்லை, வேலை போகவில்லை, ஷீலா ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்கு அவனிடம் ஒரு காரணம்கூட இல்லை, அதுவே ஒரு குற்றம்போல ஆகிவிட்டது. டீக்கடையில் எவனோ, மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தின் பேரைச் சொல்லி, "கீழ்ப்பாக்கம் கேஸுப்பா" என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும். காய்ச்சல் வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர்கள், இவன் போனால் மட்டும் சுவரோரமாக நடந்து போனார்கள். ஒருத்தர் மட்டும் வந்தார். கழகச் செயலாளர் ஜெபராஜண்ணன், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறவர், வாய் ஓயாத மனுஷர். தினமும் கடையை மூடிவிட்டு நேராக வீட்டுக்கு வருவார், கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஷீலா போடும் டீயைக் குடிப்பார், பிஸ்கட்டைப் பூராவும் தின்பார், "வர்றேன்டா மாசி" என்று போய்விடுவார். சரியாகிடும், தைரியமா இரு, நாலு பேரப் பாரு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மேலே ஏறி வந்தான். அதே ஜெபராஜண்ணன் இப்போது கோட்டுக்கு வெளியே, காக்கிப் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, அவன் பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். ஆட்டுவது நெகிழ்ந்துபோயா? வேலை நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறாரா? பார், பார், இந்தப் புத்தி போகிற போக்கைப் பார். ஏற்றிவிட்டவருக்கே துரோகம். தப். கைக்கே வந்தது. "ஜோரு மாசி!" அவன் உருட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். எதிர் டீம்காரனுக்கு இவன் சங்கதி தெரியாமலா இருக்கும்? தெரிந்தால் இன்னும் ஓங்கித்தான் அடிப்பான், கோலுக்குப் பின்னால் நின்று கீழ்ப்பாக்கம் கீழ்ப்பாக்கம் என்று கத்தவும் ஆள் வைப்பான். கத்தட்டும், அது காதுக்கு வருவது, காதைப் பொத்திக்கொள்ளலாம். பந்து கைக்கு வருமா? ஒரு மாதமாக ஈரத்துணியைப் பிடித்துப் பழகிய கை அன்றைக்கு டொம் என்று வருவதை என்ன செய்யும்? அங்கே கோல் வாங்குவது பெரிதில்லை, யார்தான் வாங்கவில்லை. ஆனால் வாங்கிய பிறகு அவனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளவே முடியாது. மாத்திரை கையை மந்தமாக்கியதா, மனம் இன்னும் தேறவில்லையா, இல்லை இவர்கள் இத்தனை நாள் ஏமாற்றினார்களா? எது பொய் என்று தெரியாமல் ஒருத்தன் எப்படிக் காலையில் எழுந்து பல் தேய்ப்பான்? ஆஸ்பத்திரிக்குப் போன புதிதில் டாக்டரம்மா சொன்னார்கள், "உங்க மனசு சில நேரம் உங்ககிட்டயே பொய் சொல்லும், அத நம்பாதீங்க." அந்த நாளில் அது மருந்தாக இருந்தது. நீ எதற்கும் லாயக்கில்லை, நீ போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று மனம் ஓதியபோதெல்லாம் பொய், பொய் என்று சொல்லிச் சொல்லியே அதைத் துரத்தினான். இப்போது அதே மனம், மாசி, காலைப் பார், பிரதாபன் காலைப் பின்னால் தூக்காமலே அடிக்கிறான் பார், என்கிறது. இதுவும் பொய்யா? நேற்று பொய்யாகக் குரைத்து உதை வாங்கிய நாய், இன்று நிஜமாகவே குரைத்தால் அதற்கும் உதையா? எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? கைகூட இருக்காது. இல்லை. இந்த ஒன்றை அவன் விடப்போவதில்லை. ஒரு வாஷிங் மெஷினின் சத்தம் தப்பு என்று தோன்றினால் வீட்டுக்காரரோடு அவன் வாதாடிக்கொண்டிருப்பதில்லை, மூடியைத் திறந்து பார்த்துவிடுவான். இதற்கும் ஒரு மூடி இருக்கும். அவன் சுற்றிப் பார்த்தான். காசிமேட்டு மீன்வலையை வைத்து ஒட்டுப்போட்ட கோல் வலை, சாம்பல் பூசிய மாதிரி மைதானம், ஹவுசிங் போர்டு மாடிகளில் காய்கிற துணிகள். வரிசையில் அடுத்தது திரும்பவும் பிரதாபன்.

மாசிலாமணி நகர்ந்தான். கிளவுஸைச் சரி செய்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, இடது பக்கமாக மெல்ல மெல்ல, கம்பம் தோளில் முட்டும் வரைக்கும் நகர்ந்தான். முட்டியதும் இரும்பின் சூடு பனியனுக்குள் ஏறியது. அவனுக்கு வலப்பக்கம் கோல் முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு லாரியைக் கொண்டுவந்து உள்ளே விட்டுத் திருப்பலாம். எந்த ஊரிலும் எந்தக் கீப்பரும் இப்படி நின்றதில்லை. நின்றால் எதிரே இருப்பவனுக்குச் சிரிப்புதான் வரும், சிரித்துக்கொண்டே தட்டிவிடுவான். மூன்று வயதுக் குழந்தையும் தட்டிவிடும். பிரதாபனின் மகளுக்கே மூன்று வயதுதான், அவளே தட்டிவிடுவாள். அடி, பிரதாபா. அந்தப் பக்கம் அடித்துவிடு. அடித்துவிட்டால் என் புத்திதான் கெட்டது, நான் தலை குனிந்து டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன், கொடுப்பதை முழுங்குகிறேன், சத்தியமாக எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டேன். அடிக்காதே. அந்தப் பக்கம் அடிக்காதே, என் கைக்கே அடி, நான் நினைத்தது சரி என்று காட்டு. எதை வேண்டிக்கொள்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. பிரதாபன் நிமிர்ந்து பார்த்தான். திறந்து கிடக்கிற கோலைப் பார்த்தான், கம்பத்தோடு கம்பமாக நிற்கிற நண்பனைப் பார்த்தான். ஒரு கணம் கண்ணைக் கோட்டுக்கு வெளியே ஜெபராஜண்ணன் பக்கம் ஓட்டினான். பிறகு காலைத் திருப்பி, ரொம்பக் கவனமாக, கோணம் பார்த்து, பந்தை அவ்வளவு பெரிய வெளியை விட்டுவிட்டு, கம்பத்தோரமாக மாசிலாமணியின் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

பந்து கையில் இருந்தது. புத்தி சரியாக இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அவனுக்குள் இறங்கின. இத்தனை மாதத்தில் இதுபோல ஒரு சந்தோஷம் வந்ததில்லை. உடம்பு முழுக்கச் சூடாக ஓடியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கோபமும் வந்தது. அதுவும் இத்தனை மாதத்தில் வந்ததில்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கோபம்! எங்கேயடா போயிருந்தாய், வா, வா.

"சூப்பர் மச்..." என்று ஆரம்பித்த பிரதாபன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கோல் எங்கடா கீது?" என்றான் மாசிலாமணி.

"இன்னா மச்சான் கேக்குற?"

"கோல் எங்க கீதுன்னு கேக்குறேன். நான் இங்க கீறேன். அந்தாண்ட அம்மாம் பெரிய வாசல் தொறந்து கெடக்குது. உம் பொண்ணு அடிச்சாலே உள்ள போவும். நீ ஏன்டா எங் கைல கொணாந்து குடுத்த?"

வரிசை முழுக்கத் தரையைப் பார்த்தது. ஜெபராஜண்ணன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். "மாசி, செத்த உக்காருடா. தண்ணி குடி. டென்ஷன் ஆவாத."

"ஆவேன்ணா. உக்கார மாட்டேன். அவன் சொல்லட்டும்."

பிரதாபன் கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "ஒரு நாளு டாக்டரம்மா நம்ம கிளப்புக்கு வந்தாங்கடா, அண்ணன்தான் கூட்டினு வந்தாரு, நீ மாத்திர போட்டுக்கினு வூட்ல தூங்கிக்கினு இருந்தியே அந்த ஞாயித்துக்கெயமை. எல்லார் கையிலும் சமோசா குடுத்து உக்கார வெச்சிப் பேசினாங்க. அவரு திரும்பி வந்தா சின்னச் சின்ன வெற்றியா கெடைக்கட்டும், அவசரப்படுத்தாதீங்கன்னாங்க. நமக்குத் தெரிஞ்ச வெற்றி இன்னாடா? கீப்பருன்னா கோல் வாங்காம இருக்குறதுதான? அத்தான் எல்லாரும் உக்காந்து பேசி..."

"பேசினீங்க."

"ஆமாண்டா."

"எல்லாரும் சேந்து."

"ஆமா."

"எனக்குத் தெரியாம."

"ஆமாண்டா மச்சான். தப்பா நெனைக்காத, உம்மேல இருக்குற..."

மாசிலாமணி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "டேய், எனக்குப் பைத்தியம் இல்லடா! அண்ணா, கேட்டியா? எனக்குப் பைத்தியம் இல்லண்ணா!" அவன் சிரிக்கச் சிரிக்க எல்லார் முகமும் வெளுத்தது, ஒருத்தன் தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓடினான். பாவம், அவர்கள் எல்லாரும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். கோல் அடிக்கவென்றே பிறந்த பயல்கள் ஒரு மாதம் முழுக்கக் காலைக் கட்டிப்போட்டுக்கொண்டு, அதுவும் பார்த்தால் தெரியாத மாதிரி, ஒவ்வொரு பந்தையும் இவன் கைக்குக் குறி பார்த்து. கோல் போடுவதைவிடக் கஷ்டமான வேலை அது. அந்தப் பிரியம் பெரிது. அதற்காக அதை மன்னிக்க முடியுமா? பிரியம்தான், பிரியத்தால்தான் அவனை உயிரோடு பொம்மையாக்கி நிற்கவைத்தார்கள். ஷீலா நெத்திலி பொரித்தாளே, அவளுக்கும் தெரியுமோ? வேண்டாம், அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். இப்போது நடுவே வந்து நின்றான், முட்டியை மடக்கினான்.

"அண்ணா, வெளிய போ. ஞாயித்துக்கெயமை நான் நிக்க லாயக்கில்லன்னா வேற ஆள நிறுத்து, வுட்டுக் குடுக்குறேன். ஆனா எம் மூஞ்சிக்கு நேரா சொல்லு. பிரதாபா, அடி."

பிரதாபன் அடித்தான். தப். மாசிலாமணி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். பந்து அவன் காலைத் தாண்டி, வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போய் நின்றது. "இது செல்லாது. அடி."

"மச்சான், அடிபட்டுட்டா..."

"எம் பல்ல ஒடச்சவன்தானடா நீ. அன்னிக்கு எங்கிட்டக் கேட்டியா? அடி!"

டொம்.

சத்தத்தைக் கேட்டான், அவ்வளவுதான். உடம்பு வலப்பக்கம் பாய்ந்தது, விரல் நுனியில் ஏதோ நெருப்பாகத் தொட்டுப் போனது, விலா தரையில் மோதியது, வாயெல்லாம் மண். முதுகுக்குப் பின்னால் வலை விம்மிய ஓசை. கோல். அவன் மண்ணைத் துப்பினான். முழங்கை வரைக்கும் வலி ஏறிக்கொண்டிருந்தது. தாமதம். கை தாமதமாகத்தான் போயிருக்கிறது, கொஞ்சம் இல்லை, நன்றாகவே தாமதம். மாத்திரையின் மந்தம் உண்மைதான், மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததும் உண்மைதான். இருக்கட்டும். இது அவன் கை, அதன் தாமதம் அவன் தாமதம், இந்தக் கோல் அவன் வாங்கிய கோல். இதை யாரும் பிச்சை போடவில்லை. தெரிந்த எதிரியோடு சண்டை போடலாம். தெரியாமல் நல்லது செய்கிறவர்களோடுதான் ஒன்றும் செய்ய முடியாது.

எழுந்து நின்றபோது மைதானத்தில் ஒருத்தரும் அசையவில்லை. ஜெபராஜண்ணன் கோட்டின் மேல் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். எல்லார் கண்ணும் அவன் முகத்திலேயே இருந்தது. அவனுக்கு உதடு கோணியது; மண் படிந்த கன்னத்தில் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினான், கிளவுஸ் இருந்தது, விட்டுவிட்டான். பிரதாபன், "போதும்டா மச்சான்" என்று கை இரண்டையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"வராத. அங்கயே நில்லு."

"அழுவுறடா நீ."

"அழுவேன்டா. அழுவுறதுக்கு உங்கிட்ட பர்மிசன் கேக்கணுமா? அழுதுக்கினே நிப்பேன், அழுதுக்கினே புடிப்பேன், புடிக்கலன்னா கோல் வாங்குவேன். நீ அடி."

பிரதாபன் குனிந்து பந்தைக் கோட்டில் வைத்து, திரும்பி நடந்து, வழக்கமாக நிற்கும் இடத்தையும் தாண்டி இன்னும் பின்னால் போனான், நன்றாக ஓடி வருவதற்கு.